அஞ்சுவெட்டு வேட்டு

நெட்டூரணியில் ஒரு சாவு விழுந்தால் ஆள் விட்டுச் சொல்லுகிற வழக்கம் கிடையாது, கல்யாணம் என்றால் பத்திரிகை அடிக்கிற வழக்கமும் கிடையாது. குருவையா தன் வீட்டு வாசலில் நின்று இரட்டைக்குழல் துப்பாக்கியை வானத்துக்குத் தூக்கி, ஈயம் இல்லாத வெறும் மருந்துத் தோட்டாவில் வேட்டுப் போடுவார், ஒரு குழல் வெடித்தால் சாவு, இரண்டு குழலும் அடுத்தடுத்து வெடித்தால் கல்யாணம், அவ்வளவுதான். காதில் விழுந்தவர்கள் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு அந்த வாசலுக்கு வந்து, யாரு வீட்டுல என்று கேட்க வேண்டும், அவர் பேரைச் சொல்ல வேண்டும், சொன்ன வீட்டுக்கு வந்தவர்கள் அத்தனை பேரும் போக வேண்டும். கேட்டவன் போகாமல் இருக்கக்கூடாது, கேட்காதவனை ஏன் வரவில்லை என்று யாரும் கேட்கக்கூடாது. ஓடைக்கு அக்கரையில் இருக்கிற கீழத்தெருவுக்கும் அந்தச் சத்தம் போகும், அவர்களும் வந்து வாசலுக்கு வெளியே நின்று விசாரித்துவிட்டுப் போவார்கள். எத்தனையோ விஷயத்தில் அவர்களை எட்ட நிறுத்திய எங்கள் பெரியவர்களுக்குச் சத்தத்தை எட்ட நிறுத்துகிற வித்தை மட்டும் தெரிந்திருக்கவில்லை.

குருவையாவுக்கு உமாமகேஸ்வரி என்று ஒரே மகள். அவளைத் தொட்டிலில் போட்ட நாளிலிருந்தே தன் மகனுக்குத்தான் என்று குருவையாவின் மனைவி சீனியம்மாவின் அண்ணன் சங்கையா சொல்லி வைத்திருந்தார். அவளோ கீழத்தெரு மதியழகனை, மின்வாரியத்தில் வயர்மேனாக இருந்து எங்கள் எல்லார் வீட்டுக் கம்பத்திலும் ஏறி இறங்கியவனை, டவுனுக்குப் போய்ப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு, நேரே ஓடையைத் தாண்டி அவன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள். சேதி வந்ததும் குருவையா உள்ளே போய்த் துப்பாக்கியை எடுத்து வந்து ஒரே ஒரு குழலை வெடித்தார்.

ஊர் கூடி, யாரு வீட்டுல என்று கேட்டது.

"எம் மக உமா செத்துட்டா," என்றார்.

கேட்டுவிட்டால் போகத்தான் வேண்டும் என்பதால் அதே வாசலில் எல்லாரும் உட்கார்ந்தோம், பெண்கள் முறைக்கு அழுதார்கள், சீனியம்மா மட்டும் நிஜமாகவே அழுதாள், பிறகு கூட்டமாகப் போய்த் தலை முழுகினோம். அக்கரையில் புது மருமகளுக்குக் காப்பி ஆற்றிக்கொண்டிருந்த மதியழகனின் அம்மா அன்னக்கொடி, சத்தம் கேட்டதும் வழக்கப்படி டம்ளரை வைத்துவிட்டு ஓடி வந்து, கூட்டத்தின் ஓரத்தில் நின்றவரிடம் யார் செத்தது என்று விசாரித்தாள். "ஒம் மருமகதான்" என்று பதில் வந்தது. அவள் திரும்பிப் போய், காப்பி ஆறியிருந்ததால் மறுபடி சூடு பண்ணி மருமகளுக்குக் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு குருவையா வீட்டில் மின்சாரம் போனால் போனதுதான். மதியழகன் வந்து ஏறினால்தான் விளக்கு எரியும் என்பதால் அவர் கம்ப்ளெயின்ட் கொடுக்கவே இல்லை. எல்லார் வீட்டிலும் டிவி ஓட, மனுஷன் சிம்னி விளக்கின் முன்னால் விறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இப்படிப்பட்ட பிடிவாதத்தை வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் என்னதான் செய்ய முடியும் என்று எங்களுக்கே சலிப்பாக இருந்தது.

மக்காச்சோளத்தில் காட்டுப்பன்றி இறங்கிய வருஷம்தான் அவருக்குத் துப்பாக்கி மேல் குறை வந்தது. அது அவருடைய தாத்தா காலத்துக் குழல், வாய் குறுகலானது. சோளத்தட்டைக்குள் கிட்டத்தில் நிற்கிற பன்றியை நோக்கிச் சுட்டால் ஈயம் ஒரே கொத்தாகப் பறந்து பக்கத்து வரப்பில் குழி தோண்டும், பன்றி சாவகாசமாக அடுத்த கதிரைக் கடிக்கும். ஸ்டேஷனில் சொல்லி, அனுமதி வாங்கி, துணியில் சுற்றி, மதுரையில் துப்பாக்கிப் பட்டறை வைத்திருக்கும் ஹபீப் பாயிடம் கொண்டுபோனார். பாய் குழலின் உள்வட்டத்தையும் வெளிவட்டத்தையும் அளந்து பார்த்து, சுவர் கனமாகத்தான் இருக்கிறது, தாங்கும் என்றார். முனையை உள்ளே கடைந்து, மரை வெட்டி, விரல் நீள எஃகுக் குழாய்களை அதில் திருகிக் கழற்றும்படி செய்து கொடுத்தார்.

"இதான் சோக் டியூப்பு. விளிம்புல வெட்டு இருக்கு பாருங்க. ஒத்தவெட்டு போட்டீங்கன்னா இறுக்கம், எல்லாம் ஒரே எடத்துல போய் விழும். மூணுவெட்டு நடுத்தரம். அஞ்சுவெட்டு போட்டா நல்லா விரிஞ்சு சிதறும். ரெண்டு குழலுக்கும் சோடி சோடியா இருக்கு. டியூப்பு இல்லாம மட்டும் சுட்றாதீங்க, மரை போயிரும். மாசம் ஒருக்கா கழத்திக் கிரீஸ் போடுங்க, இல்லன்னா இறுகிக்கிரும்."

குருவையா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கிரீஸ் விஷயம் மட்டும் அவர் மனதில் நிற்கவில்லை.

ஊருக்கு வந்ததும் ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்க்க, முதலில் ஒத்தவெட்டுச் சோடியைத் திருகிக்கொண்டு, சீனியம்மாவையும் கூட்டிக்கொண்டு சோளக்காட்டுக்குப் போனார். வாய்க்கால் ஓரத்தில் ஒரு பன்றி தனியாக நின்றது. குறி வைத்து விசையை இழுத்தார், தோளில் உதை விழுந்தது, குழல் நுனியில் புகை வந்தது, சத்தம் வரவில்லை. பன்றி மட்டும் இடி விழுந்த மாதிரி துள்ளி, குட்டிக்கரணம் போட்டு, மலையைப் பார்த்து ஓடியது.

"என்ன, தோட்டா நனஞ்சு போச்சா?" என்றாள் சீனியம்மா.

"வெடிச்சிருச்சே. ஒனக்குக் கேக்கலையா?"

"ஒங்களுக்குக் கேட்டுச்சா?"

அவர் யோசித்துப் பார்த்து, இல்லை என்றார். மூணுவெட்டுச் சோடியை மாற்றி, வெறும் மருந்துத் தோட்டா போட்டு மேலத்தெருவைப் பார்த்துச் சுட்டார். மேலத்தெருக்காரர்கள் வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தார்கள், நடுத்தெருவில் பல்லாங்குழி ஆடிக்கொண்டிருந்தவர்கள் ஒரு முத்தைக்கூடத் தவறவிடவில்லை. அஞ்சுவெட்டைப் போட்டதும் மேலத்தெரு, நடுத்தெரு, கீழத்தெரு, ஊரணிக்கரை, மலையடிவாரத்தில் ஆடு மேய்த்தவர்கள் எல்லாருக்கும் ஒரே அளவாகக் கேட்டது. ஈயம் எப்படிப் போகிறதோ அப்படியே சத்தமும் போகிறது என்பது பொழுது சாய்வதற்குள் ஊருக்கே புரிந்துவிட்டது. ஹபீப் பாய்க்குப் போன் போட்டுச் சொன்னதற்கு அவர், "நான் சிதறலுக்குத்தான் வேலை பாத்தேன் அண்ணே, சத்தத்துக்கு இல்ல. ஆனா ஈயத்தைப் பிடிக்கிற டியூப்பு சத்தத்த மட்டும் எப்படி விடும்?" என்றார். அது நியாயமாகத்தான் பட்டது. மதுரை வேலை என்றால் மதுரை வேலைதான் என்று சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போனோம்.

பிறகு அந்தத் துப்பாக்கிக்கு ஓய்வு இல்லை. முதல் பஸ் டிரைவர் ஊரணிக்கரையில் படுத்துத் தூங்கிவிட்டால், மற்றவர் தூக்கம் கெடாமல் அவரை மட்டும் எழுப்ப ஒத்தவெட்டு. ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் வந்தால் அந்தந்தத் தெருவின் முறைக்கு மூணுவெட்டு. சத்துணவு டீச்சர் தன் வீட்டுக்காரர் சீட்டாடுகிற இடத்தை நோக்கி ஒன்று போடச் சொல்ல, கையில் நல்ல சீட்டோடு உட்கார்ந்திருந்தவர் சீட்டை விசிறிவிட்டு வீட்டுக்கு ஓடியதை மற்ற மூன்று பேரும் ஒன்றும் புரியாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள் வந்து கேட்டுப் பார்த்தார்கள், வாடகைக்கு விடுவதில்லை என்று பஞ்சாயத்தில் முடிவு செய்தோம். நாளடைவில் டியூப்பின் பேரைச் சொன்னாலே சங்கதி விளங்குகிற அளவுக்கு வந்துவிட்டது, ரகசியம் பேசுகிறவர்களைப் பார்த்து, என்ன ஒத்தவெட்டா ஓடுது என்று கேலி செய்தோம்.

மூணுவெட்டு வந்த பிறகுதான் எங்கள் மனசின் அளவு எங்களுக்கே தெரிந்தது. நடுத்தெருவில் ஒரு பெரியவர் இறந்தபோது, வாய்க்கால் தகராறில் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளி வீட்டுக்குக் கேட்காதபடி குழலைக் கொஞ்சம் அங்கிட்டுத் திருப்பிப் போடச் சொன்னார்கள் மகன்மார்கள். பங்காளி வரவில்லை, கேட்காதவனை ஏன் வரவில்லை என்று கேட்க முடியாது, எல்லாம் முறைப்படியே நடந்தது. அடுத்த கல்யாணத்தில் பெண் வீட்டார், பந்தல் சிறிசு, மேலத்தெரு மட்டும் போதும் என்றார்கள். அதற்கடுத்த கல்யாணத்தில் யாரும் எதுவும் சொல்லவேண்டியிருக்கவில்லை, குருவையா தானாகவே மூணுவெட்டைத் திருகிக்கொண்டு ஓடைக்கு முதுகைக் காட்டி நின்றார். கீழத்தெருவுக்கு எங்கள் சாவும் கேட்கவில்லை, கல்யாணமும் கேட்கவில்லை. அவர்கள் யாரிடமும் முறையிடவில்லை. எங்கள் தெருவில் ஒருவர் செத்துக் குழி வெட்ட ஆள் வராதபோதுதான் விஷயம் உறைத்தது; கேட்காதவர்களை ஏன் வரவில்லை என்று எப்படிக் கேட்பது? நாங்களே மண்வெட்டி எடுத்து, இடுப்பு பிடித்துக்கொள்ள, கோணலாக ஒரு குழி வெட்டி, பாவம் அந்த மனுஷரை ஒருக்களித்துப் படுக்க வைத்தோம். அப்படியும் அஞ்சுவெட்டை எடுக்கலாம் என்று ஒருவர் வாயிலும் வரவில்லை. அது துருப் பிடிக்காமல் சீனியம்மாவின் அரிசிப்பானைக்குள் கிடந்தது.

இதற்கிடையில் உமாவுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. தடுப்பூசி போட வந்த நர்சம்மா பள்ளிக்கூடத்து மரத்தடியில் உட்கார்ந்திருந்தபோது அந்த வழியாக உரமூட்டையோடு வந்த குருவையா, அன்னக்கொடியின் தோளில் கிடந்த ஒரு பிள்ளை உமாவின் மூக்கை அப்படியே வைத்துக்கொண்டு தன்னைப் பார்ப்பதைப் பார்த்தார். மூட்டையை இறக்கி வைக்க மறந்து நின்றார். அன்னக்கொடி அவருக்கு முகம் தெரியட்டும் என்று பிள்ளையை நன்றாகத் திருப்பிப் பிடித்தாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து அவர் சாப்பிடவில்லை. மகள் வேண்டும் என்று அவருக்கு அப்பட்டமாகத் தோன்றிவிட்டது, அவளைச் சாகடித்தது தப்பு என்றும் தோன்றிவிட்டது, ஆனால் எந்த முகத்தோடு ஓடையைத் தாண்டுவது, சங்கையா என்ன சொல்வார், தலை முழுகிய ஊர் என்ன சொல்லும் என்பதுதான் தோன்றவில்லை.

ஒத்தவெட்டு இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் சோளக்காட்டின் ஓடைப்பக்க வரப்பில் நின்றார். அக்கரையில் உமா இடுப்பில் பிள்ளையோடு கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். வெறும் மருந்துத் தோட்டா இரண்டைப் போட்டு, அவள் வீட்டு ஓட்டுக்கு மேலே வானத்தைப் பார்த்து, இரண்டு குழலையும் அடுத்தடுத்து வெடித்தார். கல்யாண வேட்டு. வரப்பில் நின்ற கொக்கு அசையவில்லை, இடுப்பில் தூங்கிய பிள்ளை புரளவில்லை. உமா கையில் ஈரச்சேலையோடு அப்படியே நின்றாள். திரும்பி அவரைப் பார்த்தாள். பிறகு சேலையை உதறிக் கொடியில் போட்டுவிட்டு உள்ளே போனாள்.

வரவில்லை. அடுத்த காலையும் போட்டார், அதற்கடுத்த காலையும் போட்டார். ஊரில் ஒருவருக்கும் தெரியாது; சீனியம்மாவுக்கு மட்டும் அவர் தோளில் கன்றிப்போயிருந்த இடத்துக்கு எண்ணெய் தேய்க்கும்போது ஏதோ நடக்கிறது என்று தெரிந்தது.

கடைசியில் ஒரு நாள் அவர் துப்பாக்கியைத் தூக்குவதற்கு முன்னாலேயே உமா ஓடையைத் தாண்டி வரப்புக்கு வந்துவிட்டாள். கொஞ்சம் மெலிந்திருந்தாள்.

"எதுக்குப்பா தெனமும் வேட்டுப் போடுறீங்க?"

"ஒன்னக் கூப்பிடத்தான்த்தா. கேட்டுச்சுல்ல?"

"கேட்டுச்சு. எனக்கு மட்டும்தான் கேட்டுச்சு. வீட்டுல எங்க அத்தைகிட்ட, எங்கப்பா வேட்டுப் போடுறாருன்னு சொன்னா, வெயிலு தலைக்கேறிருச்சான்னு நெத்தியத் தொட்டுப் பாக்குறாக."

"கேட்டவ வரணும்ல?"

"நான் செத்தப்ப எந்த டியூப்புப்பா போட்டீங்க?"

"அப்ப டியூப்பே இல்லையேம்மா."

"இல்லாமயே மலையடிவாரம் வரைக்கும் கேட்டுச்சு. சாவ ஊருக்கே சொல்லிட்டு, உசுரோட இருக்கிறத எங்கிட்ட மட்டும் சொன்னா எப்படிப்பா? எனக்குத்தான் தெரியுமே, நான் உசுரோட இருக்கேன்னு."

குருவையா துப்பாக்கியை வரப்பில் சாய்த்து வைத்தார். "நாளைக்கு நான் ஊருக்குள்ள தல நிமிந்து நடக்கணும்ல தாயி."

"நான் நடக்கலையா? செத்தவ, ரெண்டு வருசமா இதே ஊருல ரேசன் கடைக்கு நடக்குறேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அவுகளுக்கு ராமநாதபுரம் பக்கம் மாத்தல் வந்திருக்கு. வெள்ளிக்கிழமை காலையில சாமான் ஏத்துறோம். வேணும்னா போடுங்க, வேணாம்னா விட்டுருங்க. ஆனா ஒத்தவெட்டு போடாதீங்கப்பா."

வியாழக்கிழமை முழுக்க அவர் காட்டுக்குப் போகாமல் முற்றத்தில் துப்பாக்கியை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெள்ளிக்கிழமை விடிந்து, ஓடைக்கு அக்கரையில் சாமான் வண்டி வந்து நின்று, பீரோவை ஏற்றுகிற ஆட்களின் கூப்பாடு கேட்டதும் எழுந்தார்.

"அந்த அஞ்சுவெட்டு எங்க இருக்கு?" என்றார்.

சீனியம்மா அரிசிப்பானைக்குள் முழங்கை வரை கையை விட்டு எடுத்து, முந்தானையில் துடைத்துக் கொடுத்தாள்.

டியூப்போடு பாய் கொடுத்திருந்த சாவியைப் போட்டுத் திருகினார். வலக்குழலில் இருந்த ஒத்தவெட்டு கழன்று வந்தது, அங்கே அஞ்சுவெட்டைப் பொருத்தினார். இடக்குழலில் இருந்தது அசையவில்லை. கிரீஸ் போடாமல் விட்டதில் மரையோடு மரையாக இறுகிக் கிடந்தது. சாவி வழுக்கி அவர் உள்ளங்கையைக் கிழித்தது. வலக்குழலை மட்டும் வெடித்தால் ஊருக்கு ஒரே ஒரு வேட்டுத்தான் கேட்கும், மறு தோட்டா போடுவதற்குள் ஊர் அழுதுகொண்டு வந்துவிடும். ஒரு வேட்டு என்றால் சாவு. மகளை இரண்டாம் தடவையும் சாகடித்தது போல் ஆகிவிடும் என்று நினைத்து, கிழிந்த கையாலேயே மறுபடி சாவியை அழுத்தினார். அக்கரையில் வண்டிக்காரன் தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான்.

"தள்ளுங்க," என்று சீனியம்மா குழல் முனையில் தேங்காயெண்ணெயை ஊற்றினாள், கொதிக்கிற வெந்நீரில் துணியை முக்கிச் சுற்றினாள், ஆற ஆற மறுபடி முக்கிச் சுற்றினாள், பிறகு குழலைத் தன் இரண்டு கையாலும் மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டாள். "இப்பத் திருகுங்க." அவர் பல்லைக் கடித்துக்கொண்டு திருகினார். கிறீச்சென்று ஒரு முனகல், கால் சுற்று, அரைச் சுற்று, அப்புறம் பாட்டில் மூடி மாதிரி சுலபமாகக் கழன்று வந்தது.

அஞ்சுவெட்டு இரண்டும் ஏறின. குருவையா வாசலுக்கு வந்தார், வானத்தைப் பார்த்தார், வெடித்தார், மறுபடியும் வெடித்தார்.

எத்தனையோ மாதம் கழித்து எல்லாருக்கும் ஒரே நேரத்தில் கேட்ட சத்தம் அது. மேலத்தெருவில் சோறு வடித்தவர்கள் பானையோடு வைத்துவிட்டு வந்தோம், நடுத்தெருவில் முகத்தில் பாதிச் சோப்போடு சவரம் செய்துகொண்டிருந்தவர் அப்படியே வந்தார், பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள் பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றார்கள், சங்கையா தோளில் துண்டோடு வேகமாக வந்து முன்னால் நின்றார், ஓடையில் முழங்கால் தண்ணீரைக் கலக்கிக்கொண்டு கீழத்தெரு முழுக்க வந்தது. இரண்டு வேட்டு என்றால் கல்யாணம். எந்த வீட்டிலும் கல்யாணம் இருப்பதாக யாருக்கும் தெரியாது. குழல் முனையில் புகை இன்னும் அடங்கவில்லை.

"யாரு வீட்டுல?" என்று கூட்டம் கேட்டது.

குருவையாவின் உள்ளங்கையில் ரத்தம் காய்ந்திருந்தது. சீனியம்மா அவர் முதுகில் கையை வைத்தாள்.

"எங்க வீட்டுலதான். எம் மக உமாமகேஸ்வரிக்கும், கீழத்தெரு அன்னக்கொடி மகன் மதியழகனுக்கும்," என்றார். கூட்டத்தின் கடைசி வரிசை வரைக்கும் கேட்கும்படியாகத்தான் சொன்னார்.

தலை முழுகியவர்கள் எல்லாரும் அங்கேதான் நின்றிருந்தோம், கேட்டும் விட்டோம், இனி என்ன செய்ய. சங்கையா மட்டும் துண்டை உதறி மறு தோளில் போட்டுக்கொண்டு, "எனக்கு வேட்டுச் சத்தம் ஒண்ணும் கேக்கல," என்றார்.

"கேக்காமயாண்ணே சாப்பிட்ட கையக் கழுவாம இம்புட்டுத் தூரம் ஓடியாந்தீக?" என்றாள் சீனியம்மா.

சங்கையா தன் கையைப் பார்த்துக்கொண்டார். பின்னால் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் செருமினார்கள். அப்போது ஓடைப்பக்கம் நின்ற கூட்டம் தானாக விலக, வீல் வீலென்று அலறுகிற பிள்ளையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றித் தட்டிக்கொண்டே உமா வந்தாள், அவளுக்குப் பின்னால் தார்ப்பாய்க் கயிற்றைக் கையில் சுற்றியபடியே மதியழகனும், கூடவே அன்னக்கொடியும் வந்தார்கள். உமா அப்பாவின் முன்னால் வந்து நின்று, ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, பழையபடி சண்டைக்காரியாகவே கேட்டாள்.

"பச்சப்பிள்ள தூங்குற நேரத்துலயாப்பா வேட்டுப் போடுவாக? இப்ப யாரு இவள அமத்துறது?"

குருவையா துப்பாக்கியைச் சீனியம்மாவிடம் கொடுத்துவிட்டு, இரண்டு கைகளையும் நீட்டினார்.